கைவினைப் பொருள்களில் அழகைக் காண்போம்

(ஊராட்சி மன்ற உறுப்பினர்களுக்கும் விவசாயப் பெருமக்களுக்கும் நடைபெற்ற பயிற்சி வகுப்பில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



இப்பயிற்சி வகுப்பில் இரண்டு நாட்களாகக் குடிநீர்க் குழாய்ப் பராமரிப்பு, வீட்டு வரி வசூல், தெருவிளக்கு, கழிவுநீர்க் கால்வாய் முதலியவற்றைப் பற்றி நண்பர்கள் பலர் விரிவாக எடுத்துரைத்தார்கள். இன்று நம்மிடம் ஒப்படைக்கப்பட்டுள்ள பொருள் வேறு வகையானது. நெசவிலும் கைவினையிலும் காணப்படும் அழகை எவ்வாறு அறிந்து பாராட்டுவது என்பதே அது.

இதைக் கேட்டவுடன் உங்களில் சிலர் உள்ளத்தில் ஓர் ஐயம் எழுந்திருக்கும். மழை பொய்த்தால் கடன், விலை சரிந்தால் கடன் என்று வாழும் கிராமத்தில் அழகைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது? அது நகரத்துச் செல்வர்களின் பொழுதுபோக்கு அன்றோ? இவ்வாறு நீங்கள் எண்ணினால் அதில் வியப்பில்லை. நாமும் நெடுங்காலம் அவ்வாறே எண்ணியிருந்தோம். அந்த எண்ணம் எவ்வளவு தவறானது என்பதை நமக்கு உணர்த்தியது ஒரு பாய். ஆகவே அந்தப் பாயிலிருந்தே தொடங்குகிறோம்.

நாம் செய்த பிழை

சில ஆண்டுகளுக்கு முன்னர் நாம் பணியாற்றிய ஓர் ஒன்றியத்தில், மகளிர் குழுக்கள் கூடும் கூடங்களுக்குப் பாய்கள் வாங்க வேண்டியிருந்தது. அந்த ஒன்றியத்தின் ஊடே ஓர் ஆறு ஓடுகிறது. ஆற்றங்கரை ஊர் ஒன்றில் கோரைப் பாய் நெய்யும் குடும்பங்கள் சில தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வந்தன. நாம் முறைப்படி விலைப்புள்ளி கோரினோம். தரக்குறிப்பில் நாம் எழுதியவை மூன்றே செய்திகள்: பொருள் பாய், நீளம் 6 அடி, அகலம் 4 அடி. வந்த விலைப்புள்ளிகளுள் பிளாஸ்டிக் பாய் விற்பவருடையதே மிகக் குறைவாக இருந்தது. கோரைப் பாயின் விலையில் அது பாதிகூட இல்லை. குறைந்த விலைக்கே ஆணை பிறப்பித்தோம்.

மறுவாரம் அந்த ஆற்றங்கரை ஊரிலிருந்து ஒரு மூதாட்டி, சுருட்டிய பாய் ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக் கொண்டு அலுவலகத்திற்கு வந்தார். வாங்கிய பாய்களின் பக்கத்தில் தம் பாயை விரித்தார். "ஐயா, உங்கள் பாயைக் குறை சொல்ல நான் வரவில்லை. இரண்டையும் ஒருமுறை தடவிப் பாருங்கள். தடவிப் பார்த்துவிட்டு எங்கள் பாய் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் வருத்தப்பட்டிருக்க மாட்டேன். பார்க்காமலே வேண்டாம் என்று எழுதிவிட்டீர்களே!" என்றார்.

நாம் குனிந்து தடவிப் பார்த்தோம். மறுமொழி சொல்ல நா எழவில்லை. "அம்மா, ஆணை போய்விட்டது" என்று மட்டும் சொல்லி அனுப்பினோம்.

இரண்டு கோடைகள் கழிந்தன. பிளாஸ்டிக் பாய்கள் வெயிலில் முறுகி, ஓரம் பிய்ந்து, அலுவலகத்தின் பின்புறம் குப்பையோடு குப்பையாகக் கிடந்தன. தணிக்கையில் நம்மீது எவ்விதக் குறிப்பும் எழவில்லை. கோப்பு குற்றமற்றது, குறை நம் கண்ணிலே இருந்தது. பாய் என்றால் என்ன, நல்ல பாய் எது என்று நமக்குப் பார்க்கத் தெரிந்திருந்தால், தரக்குறிப்பு மூன்று செய்திகளோடு நின்றிருக்காது. அழகை அறிவது வீண் பொழுதுபோக்கு அன்று, பொதுப்பணத்தைச் செலவிடுவோர்க்கு அது வேண்டிய அறிவு என்பதை அன்றுதான் உணர்ந்தோம்.

விவசாயியின் கண்

அழகை அறியும் கண் விவசாயிக்குப் புதியதன்று. சந்தையில் மாடு பிடிக்கும்போது விலையை மட்டுமா கேட்கிறீர்கள்? நெற்றியையும் கொம்பையும் திமிலையும் பார்க்கிறீர்கள். முதுகு நேராக இருக்கிறதா, குளம்பு பிளவில்லாமல் இருக்கிறதா என்று நோக்குகிறீர்கள். நடக்கவிட்டுப் பார்க்கிறீர்கள். பின்னரே "லட்சணமான மாடு" என்கிறீர்கள். அந்த லட்சணம் வெறும் தோற்றம் அன்று. நேரான முதுகு பாரம் தாங்கும். உறுதியான குளம்பு சேற்றில் உழைக்கும். அழகும் பயனும் ஒன்றாகக் கலந்திருப்பதையே நீங்கள் லட்சணம் என்று சொல்கிறீர்கள்.

நாற்றங்காலில் நாற்றின் நிறத்தைக் கண்டு அதன் உரத்தைச் சொல்லிவிடுகிறீர்கள். வரிசை தப்பாத நடவு வயலைக் கண்டால் வரப்பில் ஒரு கணம் நின்றுவிடுகிறீர்கள். நம் தாய்மார்களோ, விடியற்காலையில் வாசல் தெளித்துப் புள்ளி வைத்துக் கோலம் இடுகிறார்கள். புள்ளி ஒன்று பிசகினாலும் கோடு எங்கே முட்டும் என்பதை அவர்கள் அறிவார்கள். இத்தகைய மக்களுக்கு அழகைப் பற்றிப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. மாட்டையும் நாற்றையும் பார்க்கும் அதே கண்ணால் பாயையும் துணியையும் பானையையும் பாருங்கள் என்று சொல்வதே போதும். அவ்வாறு பார்ப்பதற்கு உதவியாக நான்கு கேள்விகளை உங்கள்முன் வைக்கிறோம்.

முதற் கேள்வி: பயனுக்குப் பொருந்துகிறதா?

1958-ஆம் ஆண்டில் அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்ற தம்பதியர், இந்திய அரசின் அழைப்பை ஏற்று நம் நாட்டைச் சுற்றிப் பார்த்து ஓர் அறிக்கை அளித்தனர். நாட்டில் தாம் கண்ட பொருள்களுள் மிகச் சிறந்ததாக அவர்கள் எடுத்துக்காட்டியது அரண்மனைப் பொருளும் அன்று, கோயில் சிற்பமும் அன்று. நம் வீட்டுச் செம்பையே அவர்கள் குறிப்பிட்டார்கள்! எவ்வளவு நீர் கொள்ள வேண்டும், இடுப்பில் வைத்தால் எப்படி அமையும், நிரம்பியபோதும் வெறுமையானபோதும் எப்படி நிற்கும், சாய்த்தால் நீர் எப்படி வழியும், கழுவ எளிதா, விலை என்ன ஆகும் என்றெல்லாம் தலைமுறைகள் பல சிந்தித்துச் சிந்தித்துச் சீர்செய்ததே அதன் வடிவம் என்பதை அவர்கள் விளக்கினார்கள். அந்த அறிக்கையின் விளைவாகவே 1961-இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தோன்றியது.

நாள்தோறும் கையில் எடுக்கும் செம்பை நாம் ஒருநாளேனும் உற்று நோக்கியதுண்டா? ஒடுங்கிய கழுத்து, விரல்கள் பற்றுவதற்காக. விரிந்த விளிம்பு, நீர் சிந்தாமல் வார்ப்பதற்காக. உருண்ட வயிறு, மிகுதியாக நீர் கொள்வதற்காக. பயனுக்காக அமைந்த ஒவ்வொரு வளைவும் கண்ணுக்கும் இனிதாக அமைந்திருக்கிறது.

மண்பானையும் அத்தகையதே. சுட்ட மண்ணின் நுண்துளைகள் வழியே நீர் கசிந்து ஆவியாவதால் உள்ளிருக்கும் நீர் குளிர்கிறது. இதை மறந்து, அழகுக்காக என்று பானை முழுவதும் எண்ணெய் வண்ணம் பூசுகிறவர்கள் இருக்கிறார்கள். பூச்சு துளைகளை அடைத்துவிடும், நீர் குளிராது. பொருளின் பயனைக் கெடுக்கும் பூச்சு எத்தனை வண்ணமாக இருப்பினும் அது அழகாகாது.

இரண்டாம் கேள்வி: மூலப்பொருளின் இயல்பை மதிக்கிறதா?

திருநெல்வேலி மாவட்டத்துப் பத்தமடையின் பெயரைக் கேட்டிராதவர் நம்மில் அரியர். தாமிரபரணிப் பாசனத்தில் அமைந்த அவ்வூரின் பாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்துள்ளது. அங்கே முஸ்லிம் குடும்பங்களைச் சேர்ந்த தாய்மார்கள் பலர் இக்கலையைப் போற்றி வருகிறார்கள். ஆற்றோரத்துக் கோரையைப் பச்சையாக அறுத்துக் கிழித்து வெயிலில் உலர்த்துவார்கள். பின்னர் அதை ஓடும் நீரில் பல நாட்கள் ஊறவைப்பார்கள். ஊறிப் பருத்த கோரையை மீண்டும் உலர்த்தி, கத்தியால் மேலும் மெல்லியதாக வகிர்ந்தெடுப்பார்கள். தரையோடு தரையாக இழுத்துக் கட்டிய பாவு நூலிலே, ஒவ்வொரு கோரையாகச் செலுத்தி நெய்வார்கள். நயமான பாய் ஒன்றை முடிக்க வாரக்கணக்கில் ஆகும். அத்தகைய பாயைப் பட்டுப் பாய் என்றே அழைக்கிறார்கள். பட்டைப் போல மடிவதும், உடலுக்குக் குளிர்ச்சி தருவதும் அதன் சிறப்பு.

அந்த மென்மை வெளியிலிருந்து பூசப்பட்டதன்று, கோரைக்குள்ளேயே இருந்தது. நீரும் வெயிலும் கத்தியும் கையும் சேர்ந்து அதை வெளிக்கொணர்ந்தன. கோரையைக் கோரையாகவே இருக்கவிட்டு, அதனால் ஆகக்கூடிய உயர்வை அதற்கு அளித்திருக்கிறார்கள்.

இதற்கு இன்னொரு சான்று பவானி ஜமக்காளம். அதன் அழகு அகன்ற வண்ணக் கோடுகளில் இருக்கிறது. பூவேலை ஏன் இல்லை? தடித்த பருத்தி நூலில் நுண்ணிய பூவேலை செய்ய முயன்றால் அது தெளிவாக எழாது. ஆகவே தடித்த நூல் எதைச் செவ்வையாகச் செய்யுமோ அதையே நெசவாளர்கள் செய்தார்கள். சிவப்பும் பச்சையும் நீலமுமாக ஓடும் கோடுகள், திருமணப் பந்தலில் விரித்தால் தொலைவிலிருந்தே கண்ணைக் கவர்கின்றன. செயற்கைப் பட்டு நூலைப் பயன்படுத்தும் வேறு வகை ஜமக்காளங்களில் அவர்களே பூவேலையும் செய்கிறார்கள். எந்த நூலுக்கு எந்த வேலை என்பதை அறிந்து செய்வதே கைத்திறனின் முதல் இலக்கணம். மண் அறிந்து பயிர் செய் என்று நாம் விவசாயிக்குச் சொல்வதும் இதுவே அன்றோ?

மூன்றாம் கேள்வி: கையின் ஒழுங்கு தெரிகிறதா?

மதுரையின் சுங்குடிச் சேலையை எடுத்துக் கொள்வோம். சௌராஷ்டிர சமூகத்தினர் வளர்த்த கலை இது. துணியை நுனிவிரலால் கிள்ளி எடுத்து நூலால் இறுகக் கட்டுவார்கள். இவ்வாறு ஒரே சேலையில் ஆயிரக்கணக்கான முடிச்சுகள் இடப்படும். சாயத்தில் தோய்த்து உலர்த்திய பின் முடிச்சுகளை அவிழ்த்தால், கட்டிய இடங்களில் சாயம் ஏறாமல் புள்ளிகள் மலர்ந்திருக்கும். ஒரு புள்ளி மற்றொன்றை முற்றிலும் ஒத்திராது. ஆயினும் புள்ளிகளின் வரிசையோ தவறாது. அவிழ்த்த இடத்தில் துணி சற்றே மேடிட்டுச் சுருங்கியிருப்பதை விரலால் உணரலாம்.

இன்று கடைகளில் சுங்குடி என்ற பெயரில் விற்கும் சேலைகளுள் பல, புள்ளிகளை அச்சிட்டவை. அச்சுப் புள்ளிகள் யாவும் ஒரே அளவாக இருக்கும். தடவினால் தட்டையாக இருக்கும். அச்சிட்ட சேலையை வாங்குவது குற்றமன்று. அச்சுச் சேலைக்கு முடிச்சுச் சேலையின் பெயரைச் சூட்டி விற்பதே குற்றம். கண் அறியாதவரிடம்தான் அவ்வாறு விற்க முடியும். நாம் ஏமாறுவதோடு அது முடிவதில்லை. முடிச்சிட்ட விரல்களின் கூலியும் அங்கே பறிபோகிறது.

நீலகிரியில் தோடர் குலத்துப் பெண்கள் செய்யும் பூவேலையும் கருதத் தக்கது. வெண்மையான பருத்தித் துணியில் சிவப்பு, கறுப்பு நூல்களால் அவர்கள் பின்னுகிறார்கள். துணியின்மேல் முன்கூட்டி எந்தக் கோடும் வரைந்து கொள்வதில்லை. பாவிழையையும் ஊடிழையையும் எண்ணி எண்ணியே ஊசியைச் செலுத்துகிறார்கள். பள்ளிக்கூடத்துக் கணக்கு வகுப்பில் அமராத பாட்டிமார்களும் இவ்வளவு துல்லியமாக எண்ணி முடிக்கிறார்கள் என்றால், கைவேலை அறிவற்றவர் செய்யும் வேலை என்று யார் சொல்லத் துணிவார்? கைத்தொழிலைத் தாழ்ந்தது என்று கருதும் பழக்கம் நம்மிடையே நெடுநாளாக வேரூன்றியிருக்கிறது. அது அறியாமையில் விளைந்த பழக்கம். அதை விட்டொழிக்க வேண்டும்.

நான்காம் கேள்வி: அலங்காரம் உரிய இடத்தில் இருக்கிறதா?

காஞ்சிபுரம் பட்டுச் சேலையில் உடலும் கரையும் வெவ்வேறு நிறமாக இருப்பதைக் கண்டிருப்பீர்கள். பழைய முறையில் இதற்கு மூன்று நாடாக்கள் வேண்டும். நடுவில் உடலுக்கு ஒன்று. இருபுறக் கரைகளுக்கும் ஒவ்வொன்று. நெசவாளரோடு உதவிக்கு இன்னொருவரும் தறியில் அமர்ந்து, ஒவ்வொரு வரிசையிலும் உடலின் இழையைக் கரையின் இழையோடு கோத்து வாங்குவார்கள். இதற்குக் கோர்வை என்று பெயர். உடலும் கரையும் சேரும் இடத்தில் கோபுரம் போன்ற கூர்முனைகள் வரிசையாக எழுகின்றன. இணைப்பு அமையும் இடத்திலேயே அலங்காரமும் பிறக்கிறது. கனத்த கரை, சேலைக்குப் பாரம் தந்து கொசுவம் கலையாமல் விழச் செய்கிறது. அங்கே ஜரிகை வெறும் பகட்டுக்காக வைக்கப்படவில்லை.

காரைக்குடிப் பகுதியின் கண்டாங்கிச் சேலையையும் நினைவுகூர்வோம். தடித்த பருத்தி, பெரிய கட்டங்கள், அகன்ற கரை. அரக்கும் மஞ்சளும் கறுப்பும் போன்ற அழுத்தமான நிறங்கள். உழைக்கும் பெண்ணின் உடலுக்கு உறுதியாக நிற்கும். பலமுறை துவைத்தாலும் தளராது. அதில் பூக்கள் நிறைந்திருக்கவில்லை. ஆயினும் அதைக் கட்டி நடந்துவரும் ஒருவரின் மிடுக்கை எவரும் மறக்க முடியாது.

இவ்விரு சேலைகளும் நமக்கு ஒரு பாடம் சொல்கின்றன. அலங்காரம் எங்கே வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்று அறிவதே அழகுணர்ச்சி. நம் ஊராட்சிக் கட்டடங்களைப் பாருங்கள். திறப்பு விழாவுக்கு முந்திய வாரம் கடையில் உள்ள எல்லா வண்ணங்களையும் சுவரில் ஏற்றிவிடுகிறோம். அடுத்த மழையில் அவை வழிந்து கட்டடம் அலங்கோலமாகிறது. ஒரே வண்ணத்தைத் திருத்தமாகப் பூசி, வாசலில் உள்ளூர்த் தச்சர் கடைந்த நிலையையும், உள்ளே உள்ளூர்ப் பாயையும், திண்ணையில் குயவரின் தண்ணீர்ப் பானையையும் வைத்தால், செலவு பெருகாது. கட்டடத்தின் மதிப்புப் பெருகும்.

எண்ணிக்கை கூறும் செய்தி

அன்பர்களே! இக்கலைகள் நிலைபெற வேண்டும் என்று அரசு செய்துள்ள ஏற்பாடுகள் பல. 1952-இல் அகில இந்தியக் கைவினை வாரியம் அமைந்தது. கமலாதேவி சட்டோபாத்யாய அம்மையார் அதன் தலைவராக இருந்து அரும்பணி ஆற்றினார். தமிழ்நாட்டில் 1935 முதல் கோ-ஆப்டெக்ஸ் நெசவாளர் கூட்டுறவுகளின் துணியை விற்று வருகிறது. 1973-இல் பூம்புகார் என்று நாம் அழைக்கும் கைத்தொழில் வளர்ச்சிக் கழகம் தோன்றியது. 1985-ஆம் ஆண்டுச் சட்டம் சில வகைத் துணிகளைக் கைத்தறிக்கே உரியவை என்று ஒதுக்கியது. இன்று அப்பட்டியலில் சேலை, வேட்டி, ஜமக்காளம் உள்ளிட்ட 11 வகைகள் உள்ளன. 1999-இல் இயற்றப்பட்ட புவிசார் குறியீட்டுச் சட்டத்தின்கீழ், காஞ்சிபுரம் பட்டு, மதுரைச் சுங்குடி, பவானி ஜமக்காளம் ஆகியவை 2005-இலும், கண்டாங்கிச் சேலை 2019-இலும் பதிவு பெற்றன. கைத்தறித் துணியை அடையாளம் காணக் கைத்தறி முத்திரை 2006 முதல் வழங்கப்படுகிறது.

இத்தனை இருந்தும் நிலைமை என்ன? 2009–10-இல் எடுத்த கைத்தறிக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் நெசவிலும் அதைச் சார்ந்த வேலைகளிலும் ஈடுபட்டோர் 43.31 லட்சம். 2019–20-இல் அது 35.22 லட்சமாகக் குறைந்தது. பத்தாண்டுகளில் ஏறத்தாழ 8 லட்சம் பேர் தறியை விட்டு அகன்றுவிட்டனர். எஞ்சியிருப்போரில் நூற்றுக்கு எழுபதுக்கும் மேற்பட்டோர் பெண்கள். வேறு நல்ல வேலை கிடைத்துச் சென்றவர்களைக் குறித்து நாம் வருந்த வேண்டியதில்லை. தம் மகன் மருத்துவராக வேண்டும் என்று நெசவாளர் விரும்புவது முற்றிலும் நியாயமே. ஆனால் தொழிலில் திறமும் விருப்பமும் இருந்தும், வாங்குவோர் பார்க்கத் தெரியாதவராக இருப்பதால் தறியை மூடுகிறவர்கள் இருக்கிறார்களே, அந்த இழப்புக்கு நாமே பொறுப்பு. சட்டம் பெயரைக் காக்கும். முத்திரை பொருளைக் காட்டும். வாங்குவோர் கண்ணுக்கு ஈடாக அவை இரண்டும் நிற்க முடியாது.

நாம் செய்யத் தக்கவை

பெரிய செலவோ, புதிய திட்டமோ வேண்டாம். ஊராட்சி அளவிலேயே செய்யக்கூடியவை நான்கு உண்டு.

முதலாவது, தரக்குறிப்பைத் திருத்தமாக எழுதுவது. குறைந்த விலைக்கு வாங்குக என்றுதான் விதி சொல்கிறது. ஆனால் எந்தப் பொருளுக்குக் குறைந்த விலை என்பதை வகுப்பவர் நாமே. "கோரையால் கையினால் நெய்தது, ஓரம் மடித்துத் தைத்தது, நெசவு நெருக்கமானது, சாயம் ஒட்டாதது" என்று எழுதினால், நல்ல பொருள்களுக்குள்ளேயே போட்டி நடக்கும். மாதிரி ஒன்றைக் கோரிப் பெற்று, மன்ற உறுப்பினர்கள் அனைவரும் கையால் தொட்டுப் பார்த்த பின்னரே முடிவு செய்யுங்கள். எத்தனை ஆண்டு உழைக்கும் என்று கணக்கிட்டு விலையைப் பாருங்கள்.

இரண்டாவது, மூலப்பொருளைக் காப்பது. கோரை விளையும் நீர்க்கரையும், குயவருக்கு மண் தரும் குளமும், ஓலை தரும் பனையும் ஊரின் பொதுச்செல்வங்கள். காவிரிக் கரையில் முசிறி, கரூர்ப் பகுதிகளில் விவசாயிகள் கோரையை ஒரு பயிராகவே சாகுபடி செய்கிறார்கள் என்பதை நினைவில் கொள்க. ஏரி குளங்களின் வண்டல் மண்ணை விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளரும் கட்டணமின்றி எடுத்துக்கொள்ள வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி பெறும் வகையில் 2024-இல் நடைமுறை எளிதாக்கப்பட்டது. உங்கள் ஊர்க் குயவருக்கு இது தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள். மாவட்ட ஆட்சியரின் அனுமதியின்றிப் பனை மரங்களை வெட்டலாகாது என்று 2021-இல் அரசு அறிவித்ததையும் ஊரார்க்கு எடுத்துச் சொல்லுங்கள்.

மூன்றாவது, குழந்தைகளின் கண்ணைப் பழக்குவது. ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஆசிரியரோடு பேசி, பள்ளிக் குழந்தைகளை ஊரிலுள்ள தறிக்கும் குயவர் சக்கரத்துக்கும் அழைத்துச் செல்லுங்கள். நூலை எண்ணவும், மண்ணைப் பிசையவும் அவர்களுக்கு ஒரு மணி நேரம் வாய்ப்பளியுங்கள். அவர்கள் எல்லோரும் நெசவாளராக வேண்டும் என்பதில்லை. நாளை அவர்களுள் ஒருவர் அலுவலராக வந்து விலைப்புள்ளி கோரும்போது, நாம் செய்த பிழையைச் செய்யாதிருப்பார்.

நான்காவது, இரக்கத்திற்காக வாங்காதிருப்பது. இது உங்களுக்குச் சற்றுக் கடுமையாகத் தோன்றலாம். கோணலாக நெய்த பாயையும், விரிசல் விழுந்த பானையையும், "பாவம், ஏழை" என்று வாங்கிக் கொள்வது கைவினைஞரை மதிப்பதாகாது. நல்லதை நல்லது என்று சொல்லி உரிய விலை கொடுங்கள். குறை இருந்தால் குறையை எடுத்துச் சொல்லுங்கள். திறமுடையவர் விரும்புவது தம் வேலையைப் பார்க்கத் தெரிந்த ஒருவரையே. அந்த மூதாட்டியும் நம்மிடம் இரக்கத்தை வேண்டி வரவில்லை. தடவிப் பாருங்கள் என்றே கேட்டார்.

முடிவாக ஒரு வேண்டுகோள்

பிளாஸ்டிக் பாய்கள் கிழிந்த பின்னர், தரக்குறிப்பை மாற்றி எழுதி மீண்டும் விலைப்புள்ளி கோரினோம். அதைச் சொல்வதற்காக அந்த ஊருக்கு நாமே நேரில் சென்றோம். முன்னர் அத்தெருவில் நான்கு வீடுகளில் தறி இருந்தது. இப்போது ஒரே வீட்டில்தான் பாவு கட்டியிருந்தது. அது அந்த மூதாட்டியின் வீடு. அவருடைய மகள் அதிகாலைப் பேருந்தில் தொலைவில் உள்ள தையல் ஆலைக்குச் சென்று இரவில் திரும்புகிறார். நாம் கோரியதோ 60 பாய்கள். "ஒரு தறியில் ஒரு கிழவி எத்தனை நெய்வேன், ஐயா? இரண்டு ஆண்டுகளுக்கு முன்னால் கேட்டிருந்தால் தெருவே நெய்து கொடுத்திருக்கும்" என்றார் அவர்.

அவரால் ஆன 12 பாய்களை வாங்கினோம். எஞ்சியவற்றுக்கு வேறு மாவட்டத்திற்குச் செல்ல வேண்டியதாயிற்று. மூடிய மூன்று தறிகளுள் ஒன்று பின்னர் மீண்டும் இயங்கியது. மற்ற இரண்டும் இன்றளவும் இயங்கவில்லை. நம் கோப்பில் இந்தக் கணக்கு எங்கும் பதிவாகவில்லை. நம் உள்ளத்தில் பதிந்திருக்கிறது. ஆகவேதான் இங்கே ஒளிக்காமல் சொல்கிறோம்.

கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. அடுத்த சபை கூடுவதற்கு முன், உங்கள் ஊரில் நெய்கிறவர் யார், முடைகிறவர் யார், மண் வனைகிறவர் யார், மரம் கடைகிறவர் யார் என்று வீடு வீடாகக் கேட்டு ஒரு பட்டியல் எழுதுங்கள். அவர்கள் செய்த பொருளில் ஒவ்வொன்றைச் சபையின் நடுவே வைத்து, வந்திருப்போர் அனைவரும் கையில் எடுத்துப் பார்க்கச் செய்யுங்கள். இந்த நான்கு கேள்விகளையும் கேளுங்கள். பின்னர், ஊராட்சிக்கு வேண்டிய பொருள்களுள் எவற்றை உள்ளூரிலேயே பெறலாம் என்று தீர்மானம் இயற்றுங்கள்.

மாட்டின் லட்சணம் அறிந்த கண்கள் இங்கே நிறைந்திருக்கின்றன. அவற்றை இனி நம் ஊர்த் தறியின்மீதும் சற்றே திருப்பும்படி உங்கள் அனைவரையும் பணிவோடு வேண்டி அமர்கிறோம்.